கேள்வி பதில்: சிப்பை மாத்தினா மட்டும் போதுமா?

கேள்வி: சார், என்கிட்ட 1994 மாடல் பெட்ரோல் கார் இருக்கு. இன்ஜின் கம்ப்யூட்டரைத் திறந்து பாத்தேன், 28 காலோட ஒரு சிப், மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. அதைக் கழட்டி சாக்கெட் வெச்சுட்டா வேணுங்கறப்ப வேற சிப் போட்டு ஓட்டலாம்னு நண்பன் சொல்றான். வீட்லயே பண்ணலாமா?

பதில்: பண்ணலாம் தம்பி, ஆனா முதல்ல அந்த ஸ்டிக்கர் மேல கை வைக்காதீங்க. பெரும்பாலும் அது ஈப்ராம் சிப்பாத்தான் (அழிச்சு மறுபடி எழுதற மெமரி சிப்) இருக்கும், ஸ்டிக்கருக்கு அடியில சின்ன கண்ணாடி ஜன்னல் இருக்கும், அது வழியா புற ஊதா லைட் பட்டா எழுதினதெல்லாம் அழிஞ்சிடும். வெயில்லயே நாள் கணக்குல வெச்சா கூட அழியும்.

கழட்டறதுலதான் பாதி பேர் மாட்டிக்கறாங்க. போர்டுல ரெண்டு பக்கமும் காப்பர், சூடு அதிகமானா காலோட சேந்து பேடும் (கால் ஒட்டியிருக்கற காப்பர் வட்டம்) உரிஞ்சு வந்துடும். ஈயத்தை நல்லா உறிஞ்சிட்டு, சிப் தானா ஆடுற வரைக்கும் பொறுமையா இருங்க, நெம்பாதீங்க. அது வெளிய வந்ததும் ப்ரோக்ராமர்ல (சிப்பைப் படிக்கற, எழுதற கருவி) வெச்சு ரெண்டு தடவை படிச்சு, ரெண்டு ஃபைலும் ஒண்ணுதானான்னு பாத்து பத்திரப்படுத்துங்க, ஒரிஜினல் சிப்பையும் தூக்கிப் போட்றாதீங்க. சாக்கெட்ல போடறப்ப சிப்போட வெட்டு இருக்கற பக்கம் முக்கியம். நான் ஒரு தடவை தலைகீழா போட்டு கரண்ட் குடுத்துட்டேன், தொட்டா விரல் சுட்டுது, சிப் காலி.

ஆனா இது எல்லாமே கைவேலைதான், உண்மையான வேலை உள்ள என்ன எழுதறோம்ங்கறதுல. அதுல வாய்ப்பாடு அட்டை மாதிரி கட்டம் கட்டமா இருக்கும், ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் இன்ஜின் மேல இருக்கற லோடு, ரெண்டும் சந்திக்கற கட்டத்துல எவ்ளோ பெட்ரோல், பிளக் எப்ப தீப்பொறி விடணும்ங்கற (டைமிங்) நம்பர். சாதாரணமா 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல், முழுசா ஆக்ஸிலரேட்டர் மிதிக்கறப்ப 12.5லேர்ந்து 13 வரைக்கும் இறக்குவாங்க. அங்க பெட்ரோல் கம்மியாகி டைமிங்கும் முன்னாடி போச்சுன்னா நாக்கிங் வரும் (பெட்ரோல் கலவை தாறுமாறா வெடிச்சு இன்ஜின் தட்டற சத்தம்), பிஸ்டன்ல ஓட்டை விழற அளவுக்குப் போகும். அதனால வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் (புகையை வெச்சு காத்து-பெட்ரோல் விகிதத்தை அளக்கறது) மாட்டாம ஒரு நம்பரைக் கூட தொடாதீங்க, காதால கேட்டு டியூன் பண்றேன்னு சொல்றவங்ககிட்ட வண்டியைக் குடுக்காதீங்க. இன்னொண்ணு, சில கம்ப்யூட்டர் செக்சம் (உள்ள இருக்கற நம்பரெல்லாம் மாறாம இருக்கான்னு சரிபாக்கற கூட்டுத்தொகை) பாக்கும், நம்பர் மாத்திட்டு அதைச் சரி பண்ணலைன்னா செக் இன்ஜின் லைட் எரியும்.

கேள்வி: பழைய சிப் 27சி256. அது கிடைக்கலைன்னு 27சி512ல அதே ஃபைலை எழுதிப் போட்டேன், வண்டி ஸ்டார்ட்டே ஆகல. சிப் போச்சா?

பதில்: சிப் நல்லாத்தான் இருக்கும். 256ல 32 கேபிதான், 512ல 64 கேபி, அந்த கூடுதல் பாதியைத் தேர்ந்தெடுக்கற கால் 1ஆவது கால். 256க்கான சாக்கெட்ல அந்தக் கால் வழக்கமா 5 வோல்ட்ல இருக்கும், அதனால கம்ப்யூட்டர் மேல் பாதியை மட்டுமே படிக்கும், நீங்க கீழ் பாதியில எழுதியிருப்பீங்க. ஃபைலை ரெண்டு பாதியிலயும் எழுதிடுங்க, வேலை முடிஞ்சுது. அந்த 1ஆவது காலை மட்டும் தனியா எடுத்து ஒரு ஸ்விட்ச் வெச்சா ஒரே சிப்ல ரெண்டு மேப் (மேல சொன்ன கட்டம் கட்டமான நம்பர்) வெச்சுக்கலாம், ஒண்ணு தினசரி ஓட்ட, ஒண்ணு ஆசைக்கு. இன்ஜின் ஓடறப்ப மட்டும் ஸ்விட்சைத் தட்டாதீங்க, ப்ரோக்ராம் பாதியில குழம்பி வண்டி நின்னுடலாம், சாவியை ஆஃப் பண்ணிட்டு மாத்துங்க.

கேள்வி: என்னோடது 2012 மாடல். எனக்கும் இதே மாதிரி சாக்கெட் வைக்க முடியுமா?

பதில்: அதுல கழட்டற மாதிரி சிப்பே இருக்காதுங்க. ஃப்ளாஷ் மெமரியில எழுதியிருப்பாங்க, ஓபிடி போர்ட் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டற சாக்கெட்) வழியா லேப்டாப்ல மாத்தணும். எழுதறப்ப பேட்டரி இறங்கிப் பாதியில நின்னா கம்ப்யூட்டரே செத்துரும், சார்ஜரை மாட்டிட்டு உக்காருங்க.