வங்கியில் ஏன் வேலை போகவில்லை?

கேள்வி: வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தபோதும் ‘வேலை போச்சு’ என்று கொடி பிடித்தார்கள். யாருக்கு வேலை போனது? இப்போது ஏ.ஐ.க்கும் அதே கூச்சல் தேவையா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: யாருக்கும் போகவில்லை, உண்மைதான். ஆனால் நீங்கள் கூச்சல் என்கிறீர்களே, அதைப் போட்டதால்தான் போகவில்லை. 1983-ல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் உட்கார்ந்து பேசி, எந்த வேலைக்கு மெஷின் வரலாம், எத்தனை வரலாம், அதற்காக ஆட்குறைப்பு கூடாது என்றெல்லாம் ஒப்பந்தம் போட்டார்கள். பேரேட்டைப் புரட்டி, வட்டியைக் கையால் போட்டு, சாயங்காலம் பத்து பைசா இடித்தால் அதைத் தேடி ராத்திரி வரை உட்கார்ந்திருந்த கிளார்க், அதே கிளையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அதற்குத் தனி அலவன்ஸும் வாங்கினார்.

இன்றைக்கு எந்தக் கம்பெனி அப்படிக் கூப்பிட்டுப் பேசுகிறது, சொல்லுங்கள். பொருள் வாங்கத் தவணைக் கடன் தரும் ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், வாடிக்கையாளர் சேவையில் தன் ஏ.ஐ. 700 பேர் வேலையைப் பார்ப்பதாக 2024-ல் பெருமையாக அறிவித்தது. செலவிலேயே குறியாக இருந்ததில் தரம் இறங்கிவிட்டது என்று அடுத்த வருஷம் அதன் தலைவரே ஒப்புக்கொண்டு, மறுபடி ஆள் எடுக்கப் போனார்கள். சரி, தரம் ஏறியிருந்தால் மட்டும் அது நியாயமாகிவிடுமா? மனிதர்கள் காலங்காலமாக எழுதிக் குவித்ததைப் படித்துத்தான் இந்த ஏ.ஐ. பேசவே கற்றது. அதில் வரும் லாபம் முழுக்க முதலாளிக்கு, நஷ்டம் முழுக்க வீட்டுக்கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஊழியருக்கு என்பதை என்னால் ஏற்க முடியாது.

ஏ.ஐ.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த ஹாலிவுட் எழுத்தாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. ஏ.ஐ.யைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஏ.ஐ. எழுதியதைக் கையில் கொடுத்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஸ்டுடியோக்களிடம் எழுதி வாங்கினார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ராத்திரி ஷிப்ட் பார்க்கும் கால் சென்டர் பிள்ளைகளுக்கு, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஆட்குறைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய இயந்திர மாற்றம் என்றால் தொழிலாளிக்கு 21 நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும் என்று, 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே வழி செய்திருந்தார்கள். ஏ.ஐ. விஷயத்தில் அந்த நோட்டீஸ் மட்டும் போதாது. மாற்று வேலைக்கான பயிற்சியைக் கம்பெனி தன் செலவிலேயே தரவேண்டும், அது முடியும்வரை சம்பளமும் தரவேண்டும். இதை அரசு சட்டமாகவே போடவேண்டும் என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.