வாசகர் கேள்வி: திரையில் நீந்திய தொல்சுறா

கேள்வி: ‘தி மெக்’ படத்தில் வரும் ராட்சதச் சுறா உண்மையில் வாழ்ந்ததா? அதை எவ்வாறு படமாக்கினார்கள்?

பதில்: வாழ்ந்தது. மெகலோடான் எனப்படும் அந்தச் சுறா ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துவிட்டது. சுறாவின் உடற்கூடு குருத்தெலும்பால் ஆனதாகையால் எளிதில் மட்கிவிடுகிறது. கையளவுப் பற்களும் சில முதுகெலும்புகளுமே புதைபடிவங்களாக எஞ்சியிருப்பதால், அதன் முழு உருவத்தைக் கற்பனை செய்யும் பெரும் சுதந்திரம் படக்குழுவுக்கு வாய்த்தது. ஸ்டீவ் ஆல்டனின் 1997-ஆம் ஆண்டு நாவலைத் தழுவி ஜான் டர்டல்டாப் இயக்கிய இப்படம் 2018-இல் வெளிவந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து அருகே பெரிய நீர்த்தொட்டிகள் கட்டி நடிகர்களை நீரில் இறக்கினார்கள். சுறாவையோ கணினி வரைகலையால் உருவாக்கினார்கள். எதிரே இல்லாத விலங்குக்கு அஞ்சி நடிப்பது எளிதன்று. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால், வெதுவெதுப்பான மேற்கடலில் திமிங்கிலங்களை வேட்டையாடிய உயிரினம், இரை அரிதான குளிர்ந்த ஆழ்கடல் அகழியில் பிழைத்திருக்கும் என்ற படத்தின் கற்பனையை ஏற்க இயலாது.