கொழுப்புக்கு எத்தனை வேர்ச்சொல்?

கேள்வி: மருத்துவ அறிக்கைகளில் லிப்பிட், அடிப்போஸ், ஸ்டியட்டோசிஸ் என்றெல்லாம் வருகின்றனவே, எல்லாமே கொழுப்புதானா?

பதில்: ஆமாம், ஆனால் வேர்கள் வேறு. ‘லிப்போஸ்’ கிரேக்கம், பொதுவாகக் கொழுப்பு. லிப்பிட், லிப்போமா (கொழுப்புக்கட்டி) இதில் பிறந்தவை. ‘அடெப்ஸ்’ லத்தீன், விலங்குக் கொழுப்பு. உடலில் கொழுப்பைச் சேமிக்கும் திசுவுக்கு அடிப்போஸ் என்ற பெயர் அதனால்தான். ‘ஸ்டியர்’ என்பதும் கிரேக்கமே; உறைந்து கெட்டிப்பட்ட கொழுப்பு. மெழுகுவத்தியில் சேரும், சுமார் 69 டிகிரி செல்சியஸில் உருகும் ஸ்டியரிக் அமிலம் இந்த வழி வந்தது. கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்பு படிந்தால், இதே வேரிலிருந்து, ஸ்டியட்டோசிஸ் என்பார்கள்.

பலரும் சறுக்குவது கொலஸ்டிராலில். அதிலுள்ள ‘ஸ்டெர்’ இந்த ‘ஸ்டியர்’ அன்று. ‘ஸ்டீரியோஸ்’, அதாவது திடமானது. ‘கொலே’ என்றால் பித்தம். முதலில் பித்தக்கற்களில் கண்டதால் வந்த பெயர். அதேபோல, மயக்கத்தைக் குறிக்கும் ‘லிப்போதைமியா’வில் கொழுப்பே இல்லை, அந்த ‘லிப்போ’ ‘விட்டுப்போதல்’ என்னும் வேறு வினையிலிருந்து வந்தது.

தமிழிலும் கவனம் வேண்டும். சங்கப் பாடல்களில் ‘நிணம்’ என்றால் கொழுப்பு. இன்றைய ‘நிணநீர்’ (ஆங்கிலத்தில் லிம்ஃப்) நிணநாளங்களில் ஓடும் திரவம். அதை உருகிய கொழுப்பு என்று படித்துவிடக் கூடாது.