அடுப்பு இல்லாமல் வெப்பமின் தகட்டைச் சோதிக்க முடியுமா?

கேள்வி: இரு முகங்களின் வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்சாரம் தரும் வெப்பமின் தகட்டிலிருந்து உச்சத் திறனைத் தேடி எடுக்கும் மின்சுற்று ஒன்றை இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகச் செய்திருக்கிறோம். அடுப்பில் வைத்துச் சோதித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விடை வருகிறது. தகட்டுக்குப் பதிலாகப் பவர் சப்ளையையும் மின்தடையையும் வைத்துச் சோதிக்கலாமா?
— பொறியியல் மாணவியர் இருவர்

பதில்: தாராளமாகச் சோதிக்கலாம், ஆனால் அந்தச் சோதனை எதைக் காட்டாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1821-இல் சீபெக் கண்ட விளைவின்படி, தகட்டின் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காதபோது உள்ள மின்னழுத்தம்) இரு முகங்களின் வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். தகட்டுக்குள் ஒரு மின்தடையும் உண்டு. ஆகவே 8 வோல்ட்டில் வைத்த பவர் சப்ளையோடு 2 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் அது தகட்டைப் போலவே நடந்துகொள்ளும். பாதி மின்னழுத்தமான 4 வோல்ட்டில், 2 ஆம்பியர் பாயும்போது, உச்சத் திறனான 8 வாட் கிடைக்கும். சட்டென்று 6 வோல்ட்டுக்கு இறக்கினால் உங்கள் சுற்று 3 வோல்ட்டுக்கு வந்து 4.5 வாட் எடுக்க வேண்டும். எவ்வளவு நேரத்தில் வருகிறது, வந்தபின் எவ்வளவு ஊசலாடுகிறது என்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஒரே மாதிரி அளக்கலாம்.

மின்தடையில் கவனம் வேண்டும். உச்சப் புள்ளியில் அதிலும் 8 வாட் வெப்பமாகிறது. தேடும்போது சுற்று குறுக்குச் சுற்றை நெருங்கினால் 32 வாட் வரை போகும். 10 வாட் மின்தடை கருகிவிடும். கருகாவிட்டாலும் சூட்டில் மதிப்பு மாறி அளவீட்டைக் கெடுக்கும். அலுமினிய உறையிட்ட 50 வாட் மின்தடையை வெப்பம் கடத்தும் உலோகத் தகட்டில் திருகிப் பொருத்துங்கள். பவர் சப்ளையின் மின்னோட்ட வரம்பும் 4 ஆம்பியருக்கு மேல் இருக்கட்டும். குறைத்து வைத்தால் அது மின்னோட்டத்தை அந்த வரம்பிலேயே நிறுத்தி, சூரியத் தகட்டைப் போல நடக்கத் தொடங்கும்.

இந்த அமைப்பில் இல்லாதது பெல்ட்டியர் விளைவு. உண்மைத் தகட்டில் பாயும் மின்னோட்டம் சூடான முகத்தின் வெப்பத்தையும் குளிர்ந்த முகத்துக்குச் சேர்த்துக் கடத்துவதால், அடுப்பு தரும் வெப்பம் மாறாதிருந்தால் வெப்பநிலை வேறுபாடு மெல்லச் சுருங்கி மின்னழுத்தமும் இறங்கும். மின்னோட்டம் மில்லிநொடியில் மாறும். வெப்பமோ நிமிடக் கணக்கில்தான் மாறும். எனவே சுற்றை நொடிப்பொழுது திறந்து அளந்து அதில் பாதியைப் பிடிக்கும் முறை அந்தக் கணத்து உச்சத்தையே பிடிக்கும். வெப்பம் நிலைத்த பின் உண்மையான உச்சம் அதைவிடக் குறைந்த மின்னோட்டத்தில் இருக்கும். உங்கள் மேசையில் இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும்.

கணினியால் இயக்கக்கூடிய பவர் சப்ளை கிடைத்தால், பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்ப மின்னழுத்தத்தை மெல்ல இறக்கும்படி நிரல் எழுதுங்கள். அதற்கான அளவுகளை உங்கள் தகடே தரும்: நிலையாகச் சூடேறிய தகட்டிலிருந்து சுமையைத் திடீரெனத் துண்டித்து மின்னழுத்தத்தைப் பதிவு செய்தால், முதல் தாவல் உள்மின்தடையையும், அதன்பின் ஊர்ந்து ஏறும் பகுதி வெப்பத் தாமதத்தையும் காட்டும்.