பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை அடிக்கிறாங்களோன்னு சந்தேகப்பட்டு குழந்தைகள் நலத்துறைக்குச் சொன்னா, பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிக்கிறேன், ஏன்னா என் பதில் முழுக்க அதை வச்சுத்தான். பக்கத்து ஃப்ளாட்டுல ரெண்டரை மாசக் குழந்தை, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அழுகை, நடுநடுவுல அப்பா கத்துற சத்தம், அப்புறம் ஒரு நாள் லிஃப்ட்டுல பாத்தப்போ கன்னத்துல நீலமா ஒரு தடம். தூக்கத்துல அதுவே இடிச்சுக்கிச்சுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க நம்பல. ஆனா புகார் குடுத்து ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதுக்குன்னு யோசிக்கிறீங்க.

சொல்லிடுங்க. இன்னைக்கே சொல்லிடுங்க.

நான் பதினோரு வருஷம் குழந்தைகள் வார்டுல நர்ஸா இருந்தவ, அதுல கடைசி நாலு வருஷம் ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கரோட சேர்ந்து இந்த மாதிரி கேஸுங்கதான் பாத்தேன். அதனால மத்த எதுவும் தெரியலன்னாலும் அந்த நீலத் தடம் என்னை உறுத்துது. ரெண்டரை மாசக் குழந்தையால புரளவே முடியாது, அது எங்க போய் இடிச்சுக்கும்? அமெரிக்காவுல 1999-ல ஒரு ஆய்வு வந்துச்சு, சாதாரண செக்கப்புக்கு வந்த குழந்தைகளோட உடம்பை முழுசா பாத்து எத்தனை பேருக்கு ரத்தக்கட்டு இருக்குன்னு எண்ணுனாங்க. 6 மாசத்துக்குக் கீழ இருந்த 366 பேர்ல 2 பேருக்குத்தான் இருந்துச்சு. நடக்க ஆரம்பிச்ச பசங்கன்னா பாதிப்பேருக்கு மேல முழங்கால்லயும் நெத்தியிலயும் இருக்கும், அது சகஜம், யாரும் கண்டுக்க வேண்டியதில்ல. தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு ஒரே ஒரு சின்ன ரத்தக்கட்டுன்னாலும் டாக்டருங்க உஷாராகிடுவாங்க, அதுவும் கன்னம், காது, கழுத்து, வயிறுன்னா இன்னும் சீரியஸ்.

இதை இவ்வளவு அழுத்தி சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம், மூணு மாசக் குழந்தை ஒண்ணு சளின்னு வந்துச்சு, வாயைத் திறந்து பாக்கும்போது மேலுதட்டையும் ஈறையும் சேர்க்கிற அந்தச் சின்ன சவ்வு கிழிஞ்சிருந்துச்சு. பால் பாட்டில் இடிச்சுதுன்னு பாட்டி சொன்னாங்க, ரொம்ப நல்ல மனுஷி, எனக்கே பாதி நேரம் ஆறுதல் சொன்னவங்க. நான் சீட்டுல எழுதிட்டு விட்டுட்டேன், யார்கிட்டயும் வாயால சொல்லல. மூணு வாரம் கழிச்சு அதே குழந்தை கை எலும்பு முறிஞ்சு வந்துச்சு. குழந்தை பொழச்சுது, இப்போ நல்லா இருக்கு. ஆனா அந்த மூணு வாரத்தை நான் இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். பின்னால 2013-ல வந்த ஒரு ஆய்வைப் படிச்சேன், அடிபட்டதா உறுதியான 200 கைக்குழந்தைகளோட பழைய ரெக்கார்டை எடுத்துப் பாத்தா 55 பேருக்கு முன்னாடியே இப்படி ஒரு சின்ன காயம் இருந்திருக்கு, ரத்தக்கட்டு இல்லன்னா வாய்க்குள்ள கிழிசல், பல பேருக்கு அதை டாக்டரே பாத்திருக்கார், பாத்துட்டு அனுப்பியிருக்கார். படிச்சுட்டு அன்னைக்கு டூட்டி முடியற வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஓடல.

சரி, நீங்க போன் பண்ணா என்ன நடக்கும்? நாட்டுக்கு நாடு சட்டம், பேரு, நம்பர் எல்லாம் மாறும், ஆனா நடக்கிற வரிசை ஏறக்குறைய ஒண்ணுதான். எடுக்கிறவங்க முதல்ல குழந்தையோட வயசைத்தான் கேப்பாங்க. பத்து வயசுப் பையனைப் பத்தின புகாரும் ரெண்டரை மாசக் குழந்தையைப் பத்தின புகாரும் ஒரே க்யூவுல நிக்காது. பெரிய பையன் பள்ளிக்கூடத்துக்குப் போவான், டீச்சர் பாப்பாங்க, ஓடுவான், யாருகிட்டயாவது சொல்லவாவது செய்வான். கைக்குழந்தையை அந்த நாலு சுவத்துக்கு வெளிய யாரும் பாக்க மாட்டாங்க. அமெரிக்காவுல வருஷா வருஷம் வெளியிடுற கணக்குலயும் கொடுமைக்கு ஆளாகிறவங்க விகிதத்துல ஒரு வயசுக்குக் கீழதான் எப்பவும் முதல். அதனால ஒரு வயசுக்குக் கீழன்னாலே அவசரம்னு போட்டு, பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ள யாராவது நேர்ல போய் பாத்துடுவாங்க. உங்க பேரை அந்தக் குடும்பத்துக்கிட்ட சொல்ல மாட்டாங்க, பல ஊர்கள்ல பேரே சொல்லாமயும் புகார் குடுக்கலாம்.

போறவங்க போலீஸ் ரெய்டு மாதிரி நுழைவாங்கன்னு நெனைக்காதீங்க, சினிமாவுல காட்டுறது வேற. உக்காந்து பேசுவாங்க, அம்மாகிட்ட தனியா, அப்பாகிட்ட தனியா. குழந்தை எங்க தூங்குதுன்னு காட்டச் சொல்வாங்க, பால் எப்படிக் கலக்குறாங்கன்னு பாப்பாங்க, தடுப்பூசி கார்டைக் கேப்பாங்க. அந்த கார்டுல எடை எழுதியிருக்கும் பாருங்க, அதுல நிறைய விஷயம் இருக்கு. முதல் சில மாசத்துல குழந்தை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20-லருந்து 30 கிராம் ஏறணும், திடீர்னு மூணு வாரம் ஏறவே இல்லன்னா அந்த மூணு வாரம் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு கேள்வி வரும். கடைசியா, குழந்தையோட துணியைக் கழட்டி முழுசா பாக்கணும், இதுதான் முக்கியம். 2007-ல லண்டன்ல பீட்டர் கானலின்னு 17 மாசக் குழந்தை செத்துப்போனது உலகம் பூரா நியூஸ் ஆச்சு. சாகுறதுக்குச் சில நாள் முன்னாடி வீட்டுக்குப் போன சோஷியல் ஒர்க்கர் குழந்தையைப் பாத்திருக்காங்க, ஆனா முகத்துல இருந்த காயம் தெரியக்கூடாதுன்னு சாக்லேட்டைப் பூசி வச்சிருந்தாங்க வீட்டுல உள்ளவங்க. முகத்தைத் துடைச்சுப் பாக்கல. அதுக்கப்புறம் நாங்க படிச்ச ஒவ்வொரு ட்ரெய்னிங்லயும் அந்த சாக்லேட் வந்துடும்.

காயம் இருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அங்க உடம்பு பூரா எக்ஸ்ரே, தலைக்கு ஸ்கேன், கண்ணுக்குள்ள பின்பக்கத் திரையில ரத்தம் கசிஞ்சிருக்கான்னு கண் டாக்டர் பாப்பார். ரெண்டு வாரம் கழிச்சு எக்ஸ்ரேயைத் திரும்ப எடுக்கிறதும் உண்டு, ஏன்னா புதுசா விரிசல் விட்ட விலா எலும்பு முதல் நாள் படத்துல பல நேரம் தெரியாது, ஆற ஆரம்பிச்சு மேல புது எலும்பு கட்டும்போதுதான் தெரியும். இந்த எக்ஸ்ரே விஷயமெல்லாம் சுலபத்துல வந்துடல. ஜான் கேஃபின்னு ஒரு டாக்டர் 1946-லயே தலைக்குள்ள ரத்தக்கசிவும் கை கால் எலும்பு முறிவும் ஒரே குழந்தைகிட்ட சேர்ந்து இருக்கேன்னு எழுதினார், அப்பவும் யாரும் பெத்தவங்களைச் சந்தேகப்பட விரும்பல. 1962-ல ஹென்றி கெம்ப்ங்கிற இன்னொரு டாக்டர் பெத்தவங்களே அடிக்கிறதுண்டுன்னு வெளிப்படையா எழுதினதுக்கு அப்புறம்தான் டாக்டர் கட்டாயம் புகார் சொல்லணும்னு அமெரிக்க மாநிலங்கள்ல சட்டமே வந்துச்சு.

இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது. டெஸ்டெல்லாம் குற்றத்தை நிரூபிக்க மட்டும் எடுக்கிறதில்ல, பெத்தவங்களைக் காப்பாத்தவும்தான். நம்ம மாதிரி மாநிறக் குழந்தைகளுக்கு முதுகுல, பின்பக்கத்துல பிறந்ததுலருந்தே நீலமா பட்டை இருக்கும், மங்கோலியன் ஸ்பாட்னு சொல்வாங்க, வெள்ளைக்கார டாக்டர் பாத்தா ரத்தக்கட்டுன்னு நெனைச்சிடுவார். ஒரு அம்மா எங்க வார்டுல இதுக்காக ரெண்டு நாள் அழுது தீர்த்தாங்க. ரத்தக்கட்டுன்னா சில நாள்ல நிறம் மாறும், இந்தப் பட்டை அப்படி மாறாது, அதை போட்டோ எடுத்து வச்சுப் பாத்து முடிச்சாச்சு. (பிறந்த அன்னைக்கே அதை கார்டுல எழுதச் சொல்லுங்க, பிறகு யாரும் கேக்க மாட்டாங்க.) எலும்பு சுலபமா உடையற பிறவி நோய் இருக்கு, வைட்டமின் கே ஊசி போடாத குழந்தைக்கு ரத்தம் கசியறதும் இருக்கு. அதையெல்லாம் ஒண்ணொண்ணா தள்ளிட்டுத்தான் முடிவுக்கு வருவாங்க, வரணும்.

அப்போ எப்போ தூக்கிட்டுப் போவாங்க? இன்னைக்கு ராத்திரி இந்த வீட்டுல குழந்தை பத்திரமா இருக்குமா, இதுதான் அவங்க முன்னாடி இருக்கிற கேள்வி. இருக்காதுன்னு பட்டா முதல்ல வேற வழி தேடுவாங்க, அப்பா சில நாள் வேற இடத்துல இருக்கட்டும், பாட்டி வந்து கூட இருக்கட்டும், குழந்தை ஆஸ்பத்திரியிலயே இருக்கட்டும், சித்தி வீட்டுல இருக்கட்டும்னு. எதுவும் சரிவரலன்னாதான் பிரிப்பாங்க, அதுவும் அவங்க இஷ்டத்துக்கு வச்சுக்க முடியாது. இங்கிலாந்துல போலீஸ் எடுத்தா 72 மணி நேரம்தான், அதுக்கு மேல கோர்ட் ஆர்டர் வேணும், அந்த அவசர ஆர்டரும் முதல்ல 8 நாளைக்குத்தான். இந்தியாவுல 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டு போயாகணும். வர புகார்ல பெரும்பாலானது பிரிக்கிறதுல முடியறதே இல்ல. அப்படியே பிரிச்சாலும் கைக்குழந்தையை ஹோம்ல போடறதை முடிஞ்ச வரை தவிர்ப்பாங்க. ருமேனியாவுல 2000-லருந்து நடந்த ஆய்வு ஒண்ணு இருக்கு, ஹோம்ல இருந்த 136 குழந்தைகள்ல பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பிப் பாத்தாங்க, ரெண்டு வயசுக்கு முன்னாடி குடும்பத்துக்குப் போன பிள்ளைங்க பல விஷயத்துல நல்லா தேறி வந்தாங்க.

உங்க பக்கத்து வீட்டு விஷயத்துல எனக்கு என்ன தோணுதுன்னா, பாக்காம சொல்றேன், தப்பாவும் இருக்கலாம், அங்க கெட்டவங்க யாரும் இல்லாமயே இருக்கலாம். குழந்தைங்க அழுகை ஆறுலருந்து எட்டு வாரத்துலதான் உச்சத்துக்குப் போகும், பால் குடுத்தாலும் நிக்காது, தூக்கினாலும் நிக்காது, சில நாள் மணிக்கணக்கா போகும். மூணு நாலு மாசத்துல தானா குறையும், ஆனா தூங்காத மனுஷனுக்கு நாலு மாசம்ங்கிறது எவ்வளவு தூரம்? குழந்தையைப் பிடிச்சுக் குலுக்குறதும் பெரும்பாலும் அந்த மாதிரி ஒரு நிமிஷத்துலதான் நடக்குது, கைக்குழந்தைக்குக் கழுத்து நிக்காது, அந்த அஞ்சு செகண்டுல மூளையில ரத்தம் கசிஞ்சிடும். அம்மாவுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் வர மனச்சோர்வு இருக்கான்னும் பாப்பாங்க, பத்தே கேள்விதான், எடின்பரோன்னு ஒரு பட்டியல் 1987-லருந்து இருக்கு, எங்க வார்டுலயும் அதைத்தான் வச்சிருந்தோம். பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு கேக்கும், அதுக்கு ஆமான்னு டிக் பண்ணிட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி பேனாவைத் திருப்பிக் குடுத்த அம்மாக்களைப் பாத்திருக்கேன். நாங்க பாத்த இந்த மாதிரி குடும்பங்களுக்கெல்லாம் வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வர நர்ஸ், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ராத்திரி மாத்தி மாத்தி முழிக்க ஒரு ஆள், இதுதான் கிடைச்சுது. புகார் வரலன்னா கிடைச்சிருக்காது. கோபமா இருந்தவங்களும் உண்டு, எங்களைத் திட்டிட்டுப் போனவங்களும் உண்டு, அதை மறைக்கல.

போன்ல பேசும்போது "அவர் அடிக்கிறார்"னு சொல்லாதீங்க, அது உங்களுக்குத் தெரியாது. என்ன பாத்தீங்களோ என்ன கேட்டீங்களோ அதை மட்டும் சொல்லுங்க, எந்தத் தேதி, எந்தக் கன்னம், எவ்வளவு பெருசு, அம்மா என்ன சொன்னாங்க, எத்தனை மணிக்குச் சத்தம் வந்துச்சு, வீட்டுல வேற பிள்ளைங்க இருக்காங்களா. நீங்களே போய் அப்பாகிட்ட விசாரிக்காதீங்க, உஷாராகி வீடு மாறிப் போயிடற சம்பவமும் நடந்திருக்கு. அம்மாகிட்ட மட்டும் "ஒரு மணி நேரம் நான் வச்சுக்கறேன், நீ தூங்கும்மா"ன்னு கேக்கலாம், அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஒருவேளை அழுகை திடீர்னு நின்னு, குழந்தை துவண்டு கிடக்குது, எழுப்பினா எழும்பல, வாந்தி எடுக்குது, வலிப்பு மாதிரி வெட்டுது, உச்சிக்குழி புடைச்சிருக்குன்னா நலத்துறைக்குப் போன் பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க, முதல்ல ஆம்புலன்ஸ்.

லிஃப்ட்டுல பாத்தது என்னைக்குன்னு கேள்வியில நீங்க எழுதல. ஞாபகம் இருக்கும்போதே அதை ஒரு பேப்பர்ல குறிச்சிட்டு போனை எடுங்க.