தையல் மெஷினையும் விடாத மனிதர்

கே: மகள் வீட்டுக்கு பாரிஸ் போகிறோம். மியூசியம் மியூசியமாக ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்காது. விற்பதற்கோ கண்காட்சி வைப்பதற்கோ இல்லாமல், தனக்கே தனக்காக ஒருவர் இழைத்த வீடு ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன். - வாசகி, திருச்சி

ப: மோம்பர்னாஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலில் ஷார்த்ர். எல்லோரும் அங்கே போவது கதீட்ரல் பார்க்கத்தான். நீங்களும் பாருங்கள், அப்புறம் ரேமோன் இசிதோர் வீட்டுக்குப் போங்கள். கல்லறைத் தோட்டத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவருக்கு. போகிற வழியில் கிடந்த உடைந்த பீங்கான், கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி வந்து, தன் கையாலேயே கட்டிய சின்ன வீட்டில் 1938 வாக்கில் பதிக்க ஆரம்பித்தவர், 1964-ல் கண்ணை மூடும்வரை அதே வேலையாக இருந்தார். சுவர், தரை, கட்டில், அடுப்பு என்று போய், மனைவியின் தையல் மெஷினையும் விட்டுவைக்கவில்லை. (அந்த அம்மாள் அப்புறம் எதில் தைத்தாரோ!) கிட்டப் போய்ப் பாருங்கள், ஏதோ ஒரு வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் இருந்த பூ அப்படியே சுவரில் இருக்கும். ஊரார் கிண்டலடித்த அந்த வீட்டை 1981-ல் நகராட்சியே வாங்கியது. குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், தேதி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கே: நானும் மனைவியும் ஆசைக்கு வரைகிறவர்கள். வீட்டுச் சுவரெல்லாம் வரைய வேண்டும் என்று கனவு. ஆனால் வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார். - வாசகர், மதுரை

ப: இங்கிலாந்தில், சசெக்ஸ் பக்கம் சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீடும் வாடகை வீடாகத்தான் இருந்தது. முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்த ஓவியர் டங்கன் கிராண்ட் அதற்குப் பதிலாகப் பண்ணை வேலை பார்க்க வேண்டியிருந்ததால், 1916-ல் அவர், ஓவியர் வனெஸ்ஸா பெல் (எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃபின் அக்கா) எல்லோருமாக அங்கே குடியேறினார்கள். கதவு, சுவர், கணப்பு, மேஜை எதையும் சும்மா விடவில்லை, விறகு போடுகிற பெட்டியின் நாலு பக்கமும்கூட வாத்தியம் வாசித்து ஆடுகிற தேவதைகள்! இவர்கள் பேர்பெற்ற ஓவியர்கள், விற்பதற்கும் வரைந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பெட்டி அவர்கள் வீட்டுக்கு மட்டும். 1986-லிருந்து பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம்.

உங்கள் ஓனர் அப்படியெல்லாம் வரைய விடுகிறவராகத் தெரியவில்லை. சரி, சுவரை விடுங்கள். பீரோவும் கட்டிலும் உங்களுடையதுதானே, அதில் ஆரம்பியுங்கள். காலி செய்யும்போது லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம், அட்வான்ஸிலும் கை வைக்க மாட்டார்.