7075 மாதிரி ஸ்ட்ராங்கான அலுமினியத்தை வார்த்தா ஏன் கிராக் விடுது? எப்படிக் குறைக்கிறது?

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன கிராவிட்டி டை காஸ்டிங் ஷாப்ல (உருக்குன மெட்டலை இரும்பு அச்சுல, அதாவது டைல, ஊத்தி வார்க்கற எடம்) 11 வருஷமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

மூணு வருஷம் முன்னாடி ஒரு கஸ்டமர், நாங்க ஏற்கனவே ஏ356ல (சிலிக்கான் கலந்த, வார்க்கறதுக்குன்னே இருக்கற அலுமினியம்) போட்டுட்டு இருந்த ஒரு பிராக்கெட்டை, அதே டை இருக்கட்டும், மெட்டலை மட்டும் 7075 ஆக்கிக் குடுங்கன்னாரு. டேட்டா ஷீட்ல இழுத்தா தாங்கற பலம் 570 எம்பிஏன்னு பாத்துட்டாரு, ஏ356 ஹீட் ட்ரீட் பண்ணாலும் 250 பக்கம்தானே. (அந்த 570 உருட்டித் தட்டுன பிளேட்டுக்கு, வார்த்ததுக்கு இல்லன்னு சொன்னேன், காதுல வாங்கல.) முதல் நாள் ஊத்துன பீஸ் அத்தனையும் கிராக், அதுவும் ஒரே மூலைல.

ஃபோர்மேன் அண்ணன் "தம்பி, மெட்டல்ல கேஸ் இருக்கு"ன்னாரு. சரின்னு டீகேஸ் பண்ணோம் (உருகுன மெட்டல்ல இருக்கற கேஸை வெளியேத்தறது), ஊத்துற சூட்டை இறக்கிப் பாத்தோம், ரெண்டு நாள் போச்சு, கிராக் போகல. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். கேஸ்னா அங்கங்க ஊசி ஓட்டையா உருண்டையா வரும், சொல்லி வெச்ச மாதிரி ஒரே எடத்துல வராது. கடைசில ஒரு பீஸை அந்த எடத்துல ஒடச்சுப் பாத்தா உள்ள பளபளப்பு இல்ல, மங்கிப்போயி சொரசொரன்னு இருக்கு, அதாவது சூடா இருக்கும்போதே பிரிஞ்சிருக்கு. இதுக்குப் பேருதான் ஹாட் டியர்.

காரணம் என்னன்னா ஏ356 615 டிகிரில உறைய ஆரம்பிச்சு 555ல முடிஞ்சிரும், நடுவுல சிலிக்கான் புண்ணியத்துல பாதி மெட்டல் தண்ணியா நின்னு ஓடிக்கிட்டே இருக்கும். 7075 635ல ஆரம்பிச்சு 477 வரைக்கும் இழுக்கும். சோறு வெந்து கஞ்சி வத்துற நேரத்தை நெனச்சுக்கங்க, பருக்கை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது, நடுவுல கொஞ்சூண்டு கஞ்சி. அப்போ ரெண்டு பக்கமும் யாராவது இழுத்தா பிரியற எடத்தை அந்தக் கஞ்சி ஓடிவந்து ரொப்பணும், 7075ல அந்தளவு கஞ்சி மிச்சம் இருக்காது.

சரி, இழுக்கறது யாரு? அதைத்தான் யாரும் மொதல்ல பாக்கறதில்ல. அலுமினியம் உறைஞ்சு ஆறும்போது நீளத்துல 1.3 சதவீதம் கிட்ட சுருங்கும், 200 மில்லிமீட்டர் பீஸ்னா ரெண்டரை மில்லிமீட்டர். எங்க பிராக்கெட்டுக்கு உள்ள சிஓடூ கோர் (உள் பள்ளத்துக்காக வெக்கற மணல் கட்டி, சிலிகேட் கலந்து சிஓடூ கேஸ் விட்டு இறுக்குனது), கல்லு மாதிரி, அது ஒரு நூல் கூட விட்டுக்குடுக்கல. மூலைல ரேடியஸ் 2 மில்லிமீட்டர்தான், பக்கத்துலயே ஒரு தடியான பாஸ் (புடைச்சு நிக்கற பாகம்), அது கடைசியா உறையுது. மொத்த இழுவையும் அந்த வெந்தும் வேகாத எடத்துல வந்து விழுது.

அதனால கோர்ல சிலிகேட்டைக் கொறச்சு நடுவுல குடைஞ்சு விட்டோம், ரேடியஸை 6 ஆக்குனோம், பாஸுக்கு எதிர்ல டைல ஒரு செம்பு சில் (சூட்டைச் சீக்கிரம் உறிஞ்சற துண்டு) வெச்சோம், உறைஞ்ச கையோட டையைத் தெறந்து பீஸை வெளில எடுத்தோம். இதுலயே பாதிக்கு மேல கொறஞ்சுது. அப்புறம்தான் டைட்டானியம் போரான் ராடு போட்டோம், கிரெயின் (மெட்டலுக்குள்ள இருக்கற படிகம்) பொடியானா இழுவை எல்லா பக்கமும் பரவிடும். ஆனா அதைக் கடைசி நேரத்துல போட்டுக் கலக்கி உடனே ஊத்தணும், போட்டுட்டு டீ குடிக்கப் போனீங்கன்னா ராடுல இருக்கற போரைடு அடில தங்கிரும். 7050 (7075 மாதிரியே இன்னொரு ஸ்ட்ராங்கான ரகம்) ஊத்துறவங்களுக்கு இன்னொரு தலைவலி, அதுல இருக்கற ஜிர்கோனியம் இந்த ராடோட வேலையையே கெடுக்கும். இதுல வேடிக்கை, 2017ல அமெரிக்காவுல எச்ஆர்எல் லேப்காரங்க 7075 பவுடர் மேல அதே ஜிர்கோனியத்தை நானோ சைஸ்ல ஒட்டித்தான் கிராக் இல்லாம 3டி பிரிண்ட் பண்ணிக் காட்டுனாங்க. நம்ம லேடில்ல அதெல்லாம் நடக்காது.

இவ்ளோ பண்ணியும் எங்களுக்கு பத்துக்கு மூணு பீஸ் ரிஜெக்ட் ஆச்சு, அந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகல. ரிப்பை 2 மில்லிமீட்டர் தடியாக்கி பழையபடி ஏ356லயே போட்டுக் குடுத்தோம், நெஜமாவே 7075தான் வேணுங்கற ரெண்டு பார்ட்டை மட்டும் அவர் பிளேட்ல இருந்து மெஷின் பண்ணிக்கிட்டாரு.

உங்களுக்கு கிராக் ஒரே எடத்துல வருதா, எடம் மாறி மாறி வருதா? ஒரே எடம்னா ஃபர்னஸ் பக்கம் போகாதீங்க, கோரை எடுத்து, கல்லு மாதிரி இருக்கான்னு நகத்தால சொரண்டிப் பாருங்க.